அந்தக் குங்குமம் சம்மதமல்ல

ராஜபாளையம்
11.11.1988

அன்புள்ள அப்பாவுக்கு,

பொன்னுராஜ் வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் சுகம். தங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பரிபூரணம் மூன்று மாதம் முழுகாமல் இருப்பதையும், எங்கள் யோசனையையும் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். ‘யோசித்துச் செய்’ என்ற பதிலோடு ஆண்டாள் கோயில் குங்குமமும் வைத்திருந்தீர்கள். நம் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் தங்கள் குங்குமம் வந்தால் சம்மதம் என்றுதானே அர்த்தம்! மனம் லேசாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கலைத்துவிட ஏற்பாடு.

தையில் தங்கள் பேத்தி வெள்ளத்தாயைப் பெண் பார்க்கத் தளவாய்புரத்திலிருந்து வருகிறார்கள். அந்த நேரத்தில் அவள் அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்கும்.

தங்கள் மகன்,
பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.11.1988

பொன்னுராஜுக்கு,

அது சம்மதமல்ல. மறுக்கத் தைரியமில்லாமல் மழுப்பி எழுதினேன்; கைப்பழக்கத்தில் குங்குமத்தையும் மடித்து வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. அதற்கு ஓர் உயிர் போக வேண்டுமா?

ஊர் சிரிக்குமாம்! சிரிக்கட்டுமே. வெட்கம் உனக்கு, தண்டனை அந்தப் பிள்ளைக்கா? முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். கொலை செய்தவனைக்கூட, ‘சொல்ல ஏதாவது உண்டா?’ என்று கேட்காமல் எந்த நீதிபதியும் தண்டித்ததில்லை. இதற்கு வாயில்லை என்பதால் கேள்வியே இல்லையா? சட்டம் இடம் தருகிறது என்பாய். தரலாம். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக அநியாயம் நியாயமாகிவிடாது. வெள்ளத்தாயும் மூன்று மாதத்தில் அப்படித்தான் இருந்தாள். அன்று அவள் உயிர் இல்லையா?

பரிபூரணத்தைக் கேட்டாயா? உன் கடிதத்தில் அவள் வாய் திறக்கவே இல்லை.

நான் சொல்வது சரிதானா என்று மூன்று தாளைக் கிழித்தேன். நாலாவதிலும் இதே வரிகள்தான் வந்தன.

போகாதே.

அப்பா,
சங்கரலிங்கம்


ராஜபாளையம்
22.11.1988

அப்பாவுக்கு,

நான் மில்லுக்குப் போயிருந்தபோது தங்கள் கடிதம் வந்தது. பரிபூரணம் பிரித்துப் படித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பச் சொன்னால், “மாமாவே எழுதிட்டாக. நான் எங்கயும் வரலை. ஊரு சிரிச்சா நீங்களும் கூட நின்னு சிரிங்க” என்று அரிசி களையப் போய்விட்டாள்.

விஷயம் தளவாய்புரம் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாள், “வளைகாப்பு மகளுக்கா, அம்மாளுக்கா?” என்று கேட்டாளாம். அவர்கள் வரப்போவதில்லை. தங்களுக்குத் திருப்திதானே? இனி இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.11.1988

அன்புள்ள பொன்னுராஜுக்கு,

வெள்ளத்தாயை நினைத்து எனக்கும் வருத்தம்தான். கடுமையாக எழுதிவிட்டேனோ என்று மறுபடி யோசித்தேன். ஒரு வரியையும் திரும்ப வாங்க மனம் வரவில்லை. வயிற்றுப் பிள்ளையைக் கேலி பேசுகிற வீட்டுக்கு நம் பெண் போகாததில் என்ன குறை?

நீ வரவேண்டாம் என்றால் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்காமல் இருந்துகொள்வேன். அந்தப் பிள்ளை போயிருந்தால்தான் இருந்திருக்க மாட்டேன்.

பிரசவமானதும் ஒரு கார்டு போடு. ஆணா பெண்ணா, யார் ஜாடை என்றெல்லாம் எழுத வேண்டாம். அழுதது என்று மட்டும் எழுது.

அப்பா,
சங்கரலிங்கம்