தழை போட்ட வழி

கரியாலூர்,
6.11.2024

அன்புள்ள தம்பி பகலவனுக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் கூப்பிட்டால் "டவர் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மழையில் முகட்டுப் பாதையின் ஓரம் சரிந்துவிட்டது. உன் மாமா சனிக்கிழமையே பெரிய கிளையாக வெட்டிக் குறுக்கே தழை போட்டுவிட்டு வந்தார். தழை கிடந்தால் அந்த வழியில் போகக் கூடாது என்று இங்கே பிறந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சென்னைக் கூட்டத்தை ட்ரெக்கிங் என்று அந்த வழியாகத்தான் கூட்டிப் போனாய். மறுநாள் விடியலில், பனிமூட்டத்தில் சாமை மூட்டையோடு வந்த செல்லமுத்து அண்ணன் பள்ளத்தில் விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "தழ இருந்தா நான் இன்னாத்துக்குக் கால வெக்கிறேன்?" என்று அழுகிறார். தழையே போடாமல் போட்டதாக அறிவுச்செல்வன் பொய் சொல்கிறான் என்று ஊரே உன் மாமாவைப் பேசுகிறது. அதை எடுத்தது யார்?

உன் அக்கா,
கோகிலவாணி

சென்னை,
11.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. நான்தான் நகர்த்தினேன். இவ்வளவு தூரம் வந்தபின் திரும்ப மாட்டோம் என்று எல்லோரும் அடம்பிடித்தார்கள். ஒவ்வொருவராகக் கைபிடித்துத் தாண்டவைத்தேன். திரும்பும்போது பழையபடி போட்டுவிடலாம் என்றிருந்தேன். மழை வந்ததால் வெள்ளிமலைப் பக்கமாக இறங்கிவிட்டோம்.

ஊரில் என் பெயரைச் சொல்லிவிடாதே அக்கா. அடுத்த மாதம் இரண்டு குழு வருகிறது. காற்றில் போயிருக்கும் என்று மாமாவைச் சொல்லச் சொல். செல்லமுத்து அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

பாசமுள்ள தம்பி,
பகலவன்

கரியாலூர்,
18.11.2024

பகலவனுக்கு,

காற்றாம்! ஆளுயரக் கிளையைத் தூக்கிப் போகிற காற்றா? எழுத உனக்குக் கை கூசவில்லையா?

நேற்று ஊர் கூடியது. நீ எழுதியதைப் படித்த பிறகும் மாமா உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கூட்டத்தில் எழுந்து, "நான்தான் தழ போட மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டார். உனக்குப் பிறந்த ஊர் இல்லாமல் போய்விடக் கூடாதாம். செல்லமுத்து அண்ணன் மனைவி பாப்பாத்தி, மண்ணை வாரி மாமா முகத்தில் தூற்றினாள். அவர் கண்ணைக்கூடத் துடைக்காமல் நின்றார்.

நான் எழுந்து உன் பெயரைச் சொன்னேன்.

இனி நீ கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் இந்த ஊரில் ஆள் இல்லை. நீ வந்தால் முதலில் கதவைச் சாத்தப்போவது நான்தான்.

இப்படிக்கு,
அறிவுச்செல்வன் மனைவி,
கோகிலவாணி