குளிரை இரவல் தராதவன்

ஏப்ரல் 4, சனி

வண்டியில் ஏசி ஓடவில்லை. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது, காற்றும் வருகிறது. குளிர்ச்சி மட்டும் இல்லை. பல அலுவலகங்களில் இதே ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி தம்பியுடையது. இருபத்திரண்டு வருடப் பழைய பிக்கப். அவன் வாகன எலக்ட்ரீஷியன். மூன்று வருடத்துக்கு முன் இதே வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பேட்டரியை இறக்கும்போது கால் தவறி விழுந்தான். நாலடி உயரம். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று.

பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது. எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முப்பதாம் தேதி வரை எங்களுக்காக வைத்திருப்பார்கள். நாலு மணி நேரப் பயணம். இதைத் தம்பியிடம் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டான்.

"சரி. ஆனா என் வண்டியிலதான் வருவேன். ஏசி போட்டு."

"ஆம்புலன்ஸ் சொல்லிடலாம்டா."

"படுக்க வச்சுக் கொண்டுபோக நான் என்ன பொணமா? என் வண்டிண்ணே. முன்சீட்டு."

மூன்று வருடத்தில் அவன் கேட்ட ஒரே விஷயம். ஏசி ஆடம்பரமும் அல்ல. அவனுக்கு வியர்க்காது, முறிந்த கழுத்தோடு அதுவும் போய்விட்டது. சென்ற கோடையில் ஜன்னல் திறந்த வாடகை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். போய்ச் சேரும்போது காய்ச்சல் நூற்று நாலு. இந்த வருடம் விடியற்காலையிலேயே சுவர் சுடுகிறது.

ஏப்ரல் 6, திங்கள்

வண்டியை அவன் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். அவன் கட்டிலிலிருந்து சொல்கிறான், நான் செய்கிறேன். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். காற்புள்ளியைத் தவிர வேறெதையும் கழற்றி மாட்டியதில்லை.

"முதல்ல ஃபியூஸப் பாரு."

"எது ஃபியூஸ்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணி, இவரு கையில இருக்கறத எல்லாம் வாங்கி வச்சுருங்க."

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 7, செவ்வாய்

டெஸ்ட் லேம்ப் என்று ஒன்று. முனையில் ஊசி, பிடியில் சின்ன பல்பு, வாலில் ஒரு கவ்வி. கவ்வியை வண்டியின் உடம்பில் மாட்டி, ஊசியால் ஒயரைத் தொட்டால், கரண்ட் இருக்குமிடத்தில் பல்பு எரியும். உண்மை இருக்குமிடத்தில் எரிகிற பல்பு ஒன்று அச்சகத்தில் இருந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்; அச்சகமும் முடிந்திருக்கும்.

ரிலே என்பது பொத்தானின் உத்தரவைக் கம்ப்ரசருக்குக் கடத்தும் சின்னப் பெட்டி. அதைப் பிடுங்கி, அது இருந்த இடத்தின் இரண்டு ஓட்டைகளை ஒரு துண்டு ஒயரால் இணைக்கச் சொன்னான். முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். கம்ப்ரசர் சுற்றியது. இரண்டு நிமிடத்தில் நிஜமான குளிர்காற்று.

"கம்ப்ரசர் நல்லாருக்கு, கேஸும் இருக்கு. ரிலேவுக்கு உத்தரவுதான் வரல" என்றான்.

"அப்ப இந்த ஒயர் துண்ட அப்படியே விட்டுட்டுப் போயிடலாமே."

"நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாம ஓடிக்கிட்டே இருக்கும். உள்ள ஐஸ் கட்டி காத்து அடைச்சுக்கும். நடுரோட்டுல நான் வெந்துடுவேன்."

நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஓடுகிறவற்றை எனக்கும் தெரியும். எங்கள் முதலாளியின் சுயசரிதை நான்கு பாகம் வந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

கேஸின் அழுத்தத்தைப் பார்க்கும் பிரஷர் சுவிட்ச். அதுவும் நல்லது. இந்த வண்டியில் தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் நல்லவர்கள்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று எர்த் ஒயர்கள். நாலு இடத்தில் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். பலனில்லை. ஓரிடத்தில் நானே தோலை உரித்துவிட்ட ஒயருக்கு டேப் சுற்றினேன்.

"நுனிய மடிச்சு விட்டியா?"

"எதுக்கு?"

"டேப் முடியற எடத்துல கொஞ்சம் மடிச்சு விடணும். நாளைக்குப் பிரிக்கிறவன் நகத்த உடைச்சுக்கக் கூடாது. நான் சுத்தின டேப் எதை வேணா பாரு. கையெழுத்து மாதிரி."

பார்த்தேன். எல்லாவற்றிலும் நகம் பிடிக்க ஒரு சின்ன மடிப்பு. இத்தனை வருடம் இவனைத் தொழில் தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன். மரியாதை தெரிந்தவன் என்று தெரியாது.

உள்பக்க ஒயரைப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "டேஷ்போர்டுக்குள்ள கைய விடாதே. பழைய பிளாஸ்டிக். தொட்டா ஒடஞ்சுரும்" என்றான்.

ஏப்ரல் 13, திங்கள்

மனைவியின் முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறதாம். பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தம்பி அறுபத்து நாலு கிலோ. மீதி ஐம்பத்து நாலைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். இருவரும் சேர்ந்துதான் தூக்குவோம். நான் தலைப்பக்கம், அவள் இடுப்புப்பக்கம். இடுப்புப்பக்கம்தான் கனம் என்பதை மூன்று வருடம் கழித்து இன்று கண்டுபிடித்தேன்.

அவள் குறை சொல்லவில்லை. "முப்பதுக்குள்ள முடிச்சுருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். வண்டியைத்தான் கேட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, புதன்

கிடைத்துவிட்டது.

மத்தியானம் அவன் தூங்கினான். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்: மூலத்தை வைத்துக்கொண்டு படியைச் சரிபார்ப்பது. பழைய ஒர்க்‌ஷாப் புத்தகத்தின் சுற்றுப்படம் மூலம், வண்டி படி. முன்சீட்டு எதிரிலுள்ள பெட்டியைக் கழற்றினேன். பிளாஸ்டிக் உடையவில்லை. ஏசி பொத்தானிலிருந்து கறுப்புக் கோடு போட்ட பச்சை ஒயர் கிளம்புகிறது, படத்தில் உள்ளபடியே. ஒரு சாண் தள்ளி அது வெட்டப்பட்டு, இரண்டு முனையிலும் பழுப்பு ஒயர் ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தில் பழுப்பு ஒயர் கிடையாது. இடைச்செருகல்.

பின்தொடர்ந்தேன். தரைவிரிப்புக்கு அடியில் ஓடி, ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்சில் முடிகிறது. விரல் பட்டுப் பட்டு மழமழப்பான சுவிட்ச். ஒயரில் டேப். டேப்பின் நுனியில் மடிப்பு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. யார் கேட்டாலும் வண்டியை இரவல் கொடுப்பான், ஆனால் கொண்டுபோனவர்கள் எல்லோரும் "ஏசி ரிப்பேராமே" என்று வந்து சொல்வார்கள். வண்டியைத் தருவான், குளிரைத் தரமாட்டான். டீசலை ஊதித் தள்ளுவார்கள் என்பான். எப்படிச் செய்கிறான் என்று நான் கேட்டதே இல்லை.

சுவிட்சைத் தட்டினேன். டக்.

பத்து நிமிடம் குளிரில் உட்கார்ந்திருந்தேன். பத்து நாள்... ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், எர்த். எல்லாமே சரியான சோதனைதான், ஒன்றுகூடத் தப்பில்லை. அந்த ஒரு சாண் ஒயரை மட்டும் தொடாம சுத்தி சுத்தி வந்திருக்கான். படுபாவி, நேரா என் மூஞ்சியப் பாத்து, "போகலண்ணே"ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?

அதான். என்ன பண்ணியிருப்பேன்?

அணைத்துவிட்டு, பெட்டியை மாட்டிவிட்டு வந்தேன். கண் விழித்ததும் கேட்டான்:

"ஏதாவது கெடச்சுதா?"

"இல்லடா."

ஏப்ரல் 18, சனி

உத்தரவு எங்கோ அறுந்திருக்கிறது என்பதை நாங்கள் இருவரும் மிகுந்த அக்கறையோடு தேடிக்கொண்டிருக்கிறோம். அரசாங்க விசாரணைக் குழுக்களை இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

அவன் முகம் தெளிந்திருக்கிறது. இரண்டு வேளையும் சாப்பிடுகிறான். இன்று நான் ஸ்பானரைத் தவறவிட்டு இன்ஜினுக்குள் தேடியபோது, "அண்ணி, அண்ணன் வண்டிக்கு ஆபரேஷன் பண்ணி உள்ளயே கத்திய வச்சுத் தச்சுட்டாரு" என்றான். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

இதை எழுதத்தான் வேண்டும்.

"ரிலேவே பழசாயிருச்சு போல. மாத்திடு" என்றான் காலையில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை, அங்கே மட்டும்தான் கிடைக்குமாம். ரிலே நல்லது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பஸ் ஏறிப் போனேன். கடைக்காரரிடம் பழையதைக் காட்டினேன். சொருகிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். "இருக்கட்டும், புதுசு ஒண்ணு குடுங்க" என்றேன்.

திரும்பி வர ஒன்றரை மணி நேரம். வாசலிலேயே அவன் குரல் கேட்டது. அண்ணே, அண்ணே என்று. தொண்டை கட்டிப்போன குரல்.

மனைவி அவனைக் கழுவிவிடத் தனியாகத் தூக்கியிருக்கிறாள். முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் தரையில். அவள் கீழே, அவன் மேலே. நாற்பது நிமிடம். அவனால் நகர முடியாது, அவளால் நகர்த்த முடியாது. அவன் முழங்கை அவள் கழுத்தில் கிடந்திருக்கிறது. எடுக்க அவனால் முடியவில்லை. அவளுக்கு மூச்சு முட்டாமலிருக்கத் தன் தலையை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தபடியே கத்தியிருக்கிறான், அவனிடம் மிச்சமிருந்த அந்தத் தலையை.

அந்த நாற்பது நிமிஷமும் நான் தேவையில்லாத சாமான் வாங்கிக்கிட்டு இருந்தேன். தேவையில்லைன்னு தெரிஞ்சு.

ரிலே சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்க உதவினார்.

காலையில் வண்டிக்குப் போனேன். புது ரிலேவைச் சொருகினேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தட்டினேன். டக் என்ற சத்தம் ஜன்னல் வழியாகக் கட்டிலுக்குப் போயிருக்கும். இருபது வருடம் கேட்ட காது.

உள்ளே போனேன்.

"ஓடுதா?" என்றான்.

"ஓடுது."

"எங்க இருந்துச்சு?"

"ரிலேதான். நீ சொன்ன மாதிரியே. புதுசு போட்டதும் சரியாயிருச்சு."

வெகுநேரம் என்னைப் பார்த்தான்.

"அப்படியா. நல்ல ரிலே."

ஏப்ரல் 24, வெள்ளி

கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

முன்சீட்டில் மூன்று பட்டை போட்டுக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்தோம். கிளம்பும் முன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"மனசு ஒண்ணுதான அண்ணி இருக்கு வச்சுக்க" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். நாங்கள் சிரித்தோம்.

வழியெல்லாம் கியர் மாற்றுவதைப் பற்றித் திட்டினான். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே அவனுக்குத் துண்டு போர்த்தும் அளவு குளிர். பிறகு, ரோட்டைப் பார்த்தபடி:

"யாராவது வண்டிய இரவல் கேட்டா குடு. ஏசிய மட்டும் நிறுத்திட்டுக் குடு."

"எப்படி நிறுத்துறது?"

"கண்டுபிடிச்சுடுவே."

இல்லத்தின் பொறுப்பாளர் அன்பான மனிதர். வரவேற்புத் தாளில் மூன்று எழுத்துப் பிழைகள். கால அளவு என்ற இடத்தில் 'நிரந்தரம்' என்று எழுதியிருந்தார்கள். அது சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவன் கட்டிலுக்கு ஜன்னல் இல்லை.

ஏப்ரல் 30, வியாழன்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பு வருகிறது. அவளுக்கும். புரட்ட யாருமில்லை. கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறோம்.

மே 10, ஞாயிறு

போய் வந்தேன். கண்ணை மூடியே இருந்தான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மே 17, ஞாயிறு

இடுப்பில் புண் வந்திருக்கிறது. எட்டு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, கரண்டியை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று நர்ஸ் போனில் சொன்னாள். "நீங்க வந்து பேசிப் பாருங்க" என்றாள். பேசுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று நாலு மணி நேரமும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் சீட்டுக்கு அடியில் கையை விட்டுச் சுவிட்சை அணைத்தேன். பொய் சொல்வதென்றாலும் ஆதாரம் சரியாக இருக்க வேண்டும். முப்பத்தோரு வருடப் பழக்கம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். கன்னம் ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது.

"ஏசி நின்னு போச்சுடா" என்றேன்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இருமி ஓய்ந்தார்.

"பச்ச லைட்டு எரியுது. காத்தும் வருது. குளிரல. எனக்கு ஒண்ணும் புரியல."

கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், அன்று ரிலேவுக்காகப் பார்த்த அதே பார்வை. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. நனைத்துவிட்டேன்.

"முதல்ல ஃபியூஸப் பாரு" என்றான்.