வரையும்போது கேட்பது

டொராண்டோ

அன்புள்ள அப்பச்சிக்கு உங்கள் மகள் தீக்ஷா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் சண்டை வரும், அதனால் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இந்தக் கடிதம்.

நேற்று அனிமேஷன் ஸ்டூடியோ நண்பர்களோடு, படம் வரையும்போது யார் எதைக் கேட்கிறோம் என்று பேச்சு வந்தது. ஒருத்திக்குக் கொரியப் பாட்டு, ஒருவனுக்குப் பேய்க்கதை. நான் உங்கள் வாய்ஸ் மெசேஜைப் போட்டேன்.

"பொம்மை போட்டு என்னத்தக் கண்ட? பேசாமக் கண்டனூருக்கு வந்து சேரு ஆத்தா!"

ஒரு வார்த்தை புரியாமலே எல்லோரும் கைதட்டினார்கள்.

வரமாட்டேன் அப்பச்சி. பொம்மைதான் போடுவேன்.

மோர்மிளகாய் அனுப்புங்கள். அடுத்த தடவை கொஞ்சம் நீளமாகத் திட்டுங்கள். ஒரு முகம் வரைவதற்குள் தீர்ந்துபோகிறது. அப்புறம் அறையில் சத்தமே இல்லை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் பிடிவாதக்காரி,
தீக்ஷா