உன் கையால் வாங்காதே

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்நேகாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் ஜோஷ்வாவும் சுகம், கவுகாத்தியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் போடுகிறார் என்று சிரிப்பாய். அது உன் கம்பெனி கொடுத்த போன், யார் யார் காது வைத்திருக்கிறார்களோ, எனக்கு நம்பிக்கையில்லை. "இன்னாத்துக்கு கொழந்தைய பேஜாரு பண்றே" என்று அம்மா திட்டுகிறாள். அவள் முட்டிவலி தேவலை. உன் தம்பிக்கு சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று மாதத்தில் பர்மனென்ட் என்கிறார்கள், அதையும் நான் நம்பவில்லை.

போன வாரம் நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானப் பணிப்பெண்கள் நீங்கள் தங்கியிருந்து டூட்டிக்கு விமானம் ஏறுகிற அந்த கவுகாத்தி பேஸை மூடப்போவதாகப் பேச்சு, ஆனால் மேலிடத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்றாய். ஒன்றும் இல்லையென்றால் புது யூனிபார்மை ஏன் நிறுத்தினார்கள், மாதத்துக்குப் போடுகிற டூட்டி பட்டியலை இப்போது வாரத்துக்கு வாரம் ஏன் போடுகிறார்கள்? எங்கள் பம்ப் கம்பெனியிலும் மூடுவதற்கு முன்னால் முதலில் கேன்டீன் மோர் நின்றது, அப்புறம் சர்வீஸுக்கு என்று ஒரு மெஷின் லாரியில் ஏறிப் போனது, திரும்பி வரவேயில்லை. அதெல்லாம்கூடப் போகட்டும். வேறு ஊருக்கு மாறச் சம்மதம் என்று ஒரு படிவம், எல்லாப் பெண்களிடமும் நீதான் கையெழுத்து வாங்கித் தர வேண்டும், உன்னைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள் என்று மேனேஜர் சொன்னதாகச் சந்தோஷமாகச் சொன்னாய் பார், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கம்பெனி எங்களை ஏமாற்றிவிட்டது என்றுதான் உங்களிடம் இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. ஆயுத பூஜைக்கு முன்னால் புது யூனிபார்முக்கு சட்டை பேன்ட் அளவு எழுதிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்த வருஷம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் தடவையாக "ஆசீர்வாதம் சார்" என்று சொல்லி, அந்தத் தாள்களை என் கையில் கொடுத்தார். அளவுத் தாளுக்கு அடியில் ஆங்கிலத்தில் இன்னொரு தாள் இருந்தது. இது என்ன என்று ஒரு நொடி உறுத்தியது, சார் என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் கேட்காமல் விட்டேன். ஷிப்ட் மாறும் நேரம், லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரம், முப்பத்திரண்டு பேரும் நான் காட்டிய இரண்டு இடத்திலும் போட்டார்கள், நானும் போட்டேன். பத்தாம் நாள் கேட்டில் பூட்டு. ஆட்களை நிறுத்துவதானால் முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று லேபர் ஆபீசுக்கு ஓடினோம். நீங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அப்புறம் எதற்கு நோட்டீஸ் என்று அந்தத் தாளைக் கம்பெனிக்காரர்கள் காட்டினார்கள்.

பச்சையப்பன் மாமா ஏன் கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்கு வருவதில்லை என்று சின்னதில் கேட்டாயே. அந்த முப்பத்திரண்டு பேரில் அவனும் ஒருவன். லேபர் ஆபீசில் அன்றைக்கு அவன் கத்தவில்லை, "நீ எட்த்தாந்தியேன்னுதாம்பா போட்டேன், இல்லாங்காட்டி படிச்சிட்டுப் போட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னான். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நான் கை காட்டினால் நிறுத்த மாட்டான். வேலை போனதுகூட எனக்கு ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

உன் மேனேஜர் நல்லவராகவே இருக்கட்டும், படிவமும் நல்லதாகவே இருக்கட்டும். நீ வாங்கித் தராதே. அதன் ஒரு பிரதியைக் கேள், கொடுக்கத் தயங்கினால் அப்போதே தெரிந்துவிடும். கிடைத்தால் பொன்னேரி வக்கீல் ஸ்டீவனுக்கு அனுப்பு, சொல்லி வைத்திருக்கிறேன். மூடுவதானால் அவர்கள் பெயரில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து மூடட்டும், உன் கையை வைத்து வேண்டாம். அந்தப் பெண்கள் உன்னை அக்கா என்கிறார்கள், நீ நீட்டினால் படிக்காமல் போடுவார்கள். வேலை போனால் வீட்டுக்கு வா, உனக்கு இங்கே சோறு இருக்கிறது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் மட்டும் வந்துவிடாதே அம்மா.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. ஸ்வெட்டர் போட்டுக்கொள். இதைப் படித்ததும் கிழித்துவிடு, அறையில் வைக்காதே.

இந்தத் தாளை மட்டும் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்
உன் அப்பா
ஆசீர்வாதம்