அறிக்கையில் யார் பெயர்?

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

இந்த ஏரியில் மீன்வளத்தைக் காப்பாற்ற மீனவர்களோடு சேர்ந்து இரண்டு வருடமாக ஆய்வு செய்கிறோம் அல்லவா? மீன்குஞ்சுகள் வளரும் இடத்தைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான். நேற்று எங்கள் ஆய்வு நிலைய இயக்குநர், ஆய்வு அறிக்கையில் அவர்களுடைய பெயர்களை அடித்துவிட்டார்.

"வலை வீசறவங்களுக்கு ஆராய்ச்சியப் பத்தி என்ன தெரியும்?"

"அப்போ என் பேரையும் அடிச்சிடுங்க சார். அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றேன். கூட வேலை செய்யும் நால்வரும் அதையே சொன்னார்கள். மாலைக்குள் எல்லாப் பெயர்களும் திரும்பி வந்தன. எனக்கு மட்டும் ஜன்னலில்லாத அறை கிடைத்திருக்கிறது. இருக்கட்டும், நான் இருப்பது படகில்தானே!

காலையில் என்னை எழுப்ப நீ போடும் கத்தலைப் பதிவு செய்து அனுப்பு. அலாரம் சரியில்லை. அதற்கு என் பெயர் தெரியாது.

படகு வந்துவிட்டது.

உன் அடங்காத மகள்