வராத பெட்டிக்குச் செய்த அலமாரி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதாக உன் கடிதத்தைப் படித்தால் தெரியவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை என்றால், ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றுதான் அர்த்தம். வேலைக்குள் நுழையும்போதே உன் போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்து பேசினாலும் உன் வாயிலிருந்து 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. அதனால் நமக்குக் கடிதமே மேல்.

புது வீடியோ கேம் பெட்டி தள்ளிப்போனதைப் பற்றி ஜனங்கள் என்ன பேசுகிறார்கள், மறைக்காமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். அதை விற்கிற கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருக்கிறது. இனி உன் பாடு.

உங்கள் கம்பெனி அனுப்பிய அறிவிப்பைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். "மேலும் மெருகேற்றுவதற்காக வெளியீடு ஒத்திவைக்கப்படுகிறது" என்று இருக்கிறதே, அதற்குக் கீழே யாரோ பேனாவால் "மெருகு போதும், பெட்டியைக் குடு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலாளி அதைப் பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வந்து கத்துகிறார்கள். கத்துகிறவர்களால் தொந்தரவு இல்லை. கத்தி முடித்ததும் தண்ணீர் கேட்பார்கள், கொடுத்தால் போய்விடுவார்கள். ஒரு பல் டாக்டர் இருக்கிறார், அவர்தான் ஆளைக் கொல்கிறார். கிளினிக்குக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று மெதுவாகக் கேட்பார். வலிக்கிறதா என்று கேட்கும் அதே குரலாக இருக்க வேண்டும். இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கும்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் கதையைக் கேள். பெட்டி வருகிற வாரம் வீட்டிலேயே உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று, பெரியப்பா இறந்துவிட்டதாக ஆபீசில் சொல்லி லீவு போட்டிருக்கிறார். லீவும் முடிந்தது, பெட்டியும் வரவில்லை. "எனக்கு இருக்கிறதே ஒரே பெரியப்பாங்க, அவரை மறுபடி எப்படிங்க சாகடிக்கிறது?" என்று என்னிடம் வந்து கேட்கிறார். சித்தப்பா யாரும் இல்லையா என்று கேட்டு வைத்தேன். மனுஷன் நிஜமாகவே யோசித்தார்.

எதிர்க் கடை முடிதிருத்துகிறவருக்குச் சந்தேகமே இல்லை. விலையை ஏற்றுவதற்காகக் கம்பெனிக்காரன் சரக்கைப் பதுக்கி வைத்திருக்கிறான் என்று, கத்தரியும் கையுமாக வாசலுக்கே வந்து சொல்கிறார். இன்னொரு அம்மா, பெட்டி வருமுன்பே மகனுக்கு மூன்று கேம் டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் தினமும் அட்டையை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி வைக்கிறானாம்.

உன்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சோதனை செய்கிற ஒரே ஒரு ஆள் கையெழுத்துப் போட மறுத்ததால்தான் எல்லாம் நின்றுபோனது என்று எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. பெயர் தெரியவில்லை, அந்த மட்டில் நல்லது. இன்டர்நெட்டில் வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். வேலையை விட்டுத் தூக்கச் சொல்கிறவர்கள் நல்லவர்கள். கையை வெட்டச் சொன்ன ஒருவனுக்குக் கீழே ஊரே கூடிக் கைதட்டியிருக்கிறது. இன்னொருவன் அம்மாவை இழுத்திருந்தான். அம்மா இருந்திருந்தால் அவன் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

உன் அத்தானும் சளைத்தவர் இல்லை. அவரும் முன்பதிவு செய்திருக்கிறார் அல்லவா. சாப்பிட உட்கார்ந்தால் ஒரே பாட்டுதான். "எவனோ ஒருத்தன் கையெழுத்துப் போடாம உக்காந்துக்கிட்டு எல்லாரு வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிறான்" என்கிறார். அந்த எவனோ ஒருத்தன் தன் மைத்துனன் என்று அவருக்குத் தெரியாது. நீ சொல்லக்கூடாது என்றாய், நானும் சொல்லவில்லை. மென்று விழுங்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுகிறேன். உன் கடிதங்களையும் கடை விலாசத்துக்கே வரவழைத்துக்கொள்கிறேன்.

கடை நிலவரம் கேட்காதே. ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். புதுப் பெட்டி வரப்போகிறது என்று பழையதை யாரும் வாங்குவதில்லை; புதியது வரவும் இல்லை. பள்ளிக்கூட லீவுக்குள் சரக்கு வராவிட்டால் இரண்டு பேரை வைத்துக் காப்பாற்ற முடியாது, ஒருத்தர் வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். யார் என்று சொல்லவில்லை, பாவம், அவருக்கும் வாய் வரவில்லை. என்னோடு நிற்கிற பெண்ணின் புருஷன் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறான். அவள் அன்றைக்கு பில்லில் எல்லாவற்றையும் தப்புத் தப்பாக அடித்தாள்.

அன்றைக்கு உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். உலகத்தில் எல்லாரும் சரி என்கிற இடத்தில் இவன் ஒருத்தனுக்கு மட்டும் என்ன வந்தது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

உங்கள் மேலதிகாரி சொல்வதாக எழுதியிருந்தாயே, காற்றோட்டம் இல்லாத இடத்தில் பெட்டியை வைத்தால்தானே சூடேறித் தீப்பிடிக்கும், அப்படி யார் வைக்கப்போகிறார்கள், வைக்கக்கூடாது என்றுதான் கூட வருகிற விளக்கப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்று. அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பெட்டி வாங்குகிறவர்கள் ஆசையில் கடையிலேயே அட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். புத்தகத்தை எடுத்து கவுன்டரில் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் மேசைக் கால் ஆடாமல் நிற்பது அந்தப் புத்தகங்களால்தான்.

உன் கடிதம் வந்த பிறகு, வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன், பெட்டி வந்தால் எங்கே வைப்பீர்கள் என்று. பல் டாக்டர், தூசி படாமல் அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுவாராம். டிஸ்க் வாங்கிய அம்மா பீரோவில் வைத்து ஒயரை மட்டும் வெளியே விட்டுப் பூட்டிவிடுவாராம். சாவி கையில் இருந்தால்தான் பையன் படிப்பான் என்கிறார். இன்ஷூரன்ஸ்காரர் போர்வைக்குள். சத்தம் கேட்டால் மனைவி எழுந்துவிடுவாராம். முடிதிருத்துகிறவர் ஒருவர்தான் வெளியே வைப்பேன் என்றார், அப்பாடா என்று இருந்தது. அழகாக ஒரு துணி போட்டு மூடித்தான் என்று அப்புறம் சொன்னார்.

இது எல்லாம் ஊரார் கதை. நம் வீட்டுக் கதை இனிமேல்தான். உன் அத்தான் மரப்பட்டறையில் சும்மா இருக்கிற நேரத்தில் பெட்டிக்கென்றே ஒரு அலமாரி செய்து கொண்டுவந்துவிட்டார். விளம்பரத்தில் போட்ட அளவைப் பார்த்து, இம்மி பிசகாமல் செய்திருக்கிறார். கண்ணாடிக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. வேறு சுவர் இல்லாததால் உன் மருமகளின் கட்டில் தலைமாட்டில்தான் மாட்டினார். மாட்டிவிட்டுத் தட்டிக் காட்டி, "பாத்தியா, காத்துகூடப் புகாது" என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய் நின்றுகொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உன் மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது.

பெட்டி வரும்வரை அது தன்னுடையது என்று அந்த வாலு சொல்லிவிட்டாள். பொம்மையைக் கொண்டுபோய் அதற்குள் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, தினமும் தூங்க வைக்கிறாள். மாமா எப்போது வருவார் என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன்.

வெள்ளிக்கிழமை உன்னை மறுபடி கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாய். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று என்னைக் கேட்டிருந்தாய். தம்பி, திட்டுகிறவர்கள் திட்டட்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தலைமாட்டில் எதையோ வைத்துக்கொண்டுதான் தூங்கப்போகிறார்கள். கடையை நினைத்தோ என்னை நினைத்தோ எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. இங்கே அலமாரியில் பொம்மை இன்னும் கொஞ்ச காலம் தூங்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவும் அப்பாவும் எங்கே இருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்வார்கள். நீ நன்றாக இருப்பாய்.

உன் மேல் உயிராக இருக்கும்,
அக்கா

பி.கு.: அடுத்த கடிதத்தைக் கடை விலாசத்துக்குப் போடாதே, வீட்டுக்கே போடு. அத்தான் கையில் கிடைத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இனிப் பகலில் நான் வீட்டில்தான் இருப்பேன். தபால்காரரிடம் நானே வாங்கிக்கொள்கிறேன்.