பஸ்ராவுக்கு வந்த கோச்சி

அரியாலை, 3 யூன் 2025, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. ஜோர்ஜ் மாஸ்டர் தானே ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய பெரியப்பா நதானியேல் பஸ்ராவில் ஓர் ஆங்கிலக் கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்தவர். 1911 முதல் 1919 வரை இங்கே ஊரிலிருந்த மனைவி நேசமலருக்கு எழுதிய கடிதங்கள், நாற்பத்தாறு. முதலாம் உலகப் போருக்கு முன் பக்தாத் ரயில்பாதைக்காக வல்லரசுகள் பேரம் பேசிய கதையை ஆராயும் ஜேர்மன் பேராசிரியை ஒருவர் இவற்றை ஆங்கிலத்தில் கேட்கிறாராம். நான் ஆங்கிலம் படிப்பிப்பதை விட்டு ஒரு வருடம். வீட்டில் வேறு ஆளில்லை. ஓம் என்றுவிட்டேன்.

"கவனம் பிள்ளை. பெரியம்மா சாகுமட்டும் உந்தப் பெட்டியை ஒருத்தரையும் தொடவிடேல்லை."

9 யூன்

மகள் தர்சினியிடமிருந்து வட்சப்பில் ஒரு வரி: யூலை 19 வாறன், ஒன்பது நாள் நிப்பன். எட்டு வயதில் என் தங்கையோடு ரொறன்ரோவுக்கு அனுப்பிய பிள்ளை. பதினைந்து வருடம். எனக்குச் சந்தோசமா? ஓம். பிறகேன் இன்னும் மறுமொழி போடாமல் வைத்திருக்கிறேன்?

12 யூன்

நதானியேல் நன்றாக எழுதுகிறார். ஜேர்மன்காரர் பெர்லினிலிருந்து பக்தாத்துக்கும், அங்கிருந்து பஸ்ராவுக்கும் பாதை போட நிற்கிறார்கள். தங்கள் கப்பல் வியாபாரம் படுத்துவிடும், இந்தியாவுக்குப் பக்கத்தில் மற்றவன் கால் வைத்துவிடுவான் என்று ஆங்கிலேயருக்குப் பயம். பாதைச் செலவுக்குப் பொறுப்பு நிற்க, பஸ்ராவை ஆளும் துருக்கி அரசு சுங்கத் தீர்வையை நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து பதினைந்தாக ஏற்றவேண்டும். அதற்கும் வல்லரசுகள் தலையாட்ட வேண்டும். தன் துறைமுகத்தில் தான் வரி கூட்ட மற்றவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரசு!

1912 பங்குனிக் கடிதம்: "எங்கள் கம்பனித் துரை தீர்வைக்கு எதிராக இந்தக் கிழமை மூன்று கடிதம் எழுதினார். மூன்றையும் நானே படியெடுத்தேன். பின்னேரம் ஜேர்மன் எஞ்சினியரோடு இருந்து தேநீர் குடித்தார். இவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையைக் கண்டால் எனக்கு அச்சமாயிருக்கிறது, நேசம்."

13 யூன்

அந்த வரிக்குப் பிறகு வேலை ஓடவில்லை.

முகமாலைச் சோதனைச்சாவடியிலும் இப்படித்தான். சமாதான காலத்தில் A9 பாதை திறந்திருந்தபோது ஒரு பக்கம் ஆமி, மற்றப் பக்கம் இயக்கம்; இரண்டு பக்கமும் பதிவு, இரண்டு பக்கமும் வரி. லொறிச் சாமான்களுக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பது என் மனிசன் எமில்ராஜின் வேலை. "ரண்டு பக்கத்தாரும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறாங்கள் நிமலினி. எனக்கு இது நல்லதாப் படேல்லை. இந்தக் கிழமை போகாமல் விடட்டோ?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? "ஒப்பந்தம் இருக்குத்தானே. போங்கோ."

2006 ஓகஸ்ட் பத்தாம் தேதி போனார். அடுத்த நாள் பாதை மூடிற்று. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சொல், ஒரு செருப்பு, ஒன்றும் இல்லை.

20 யூன்

1914 யூலை 11: "இலண்டனில் ஆங்கிலேயரும் ஜேர்மன்காரரும் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைத்தாயிற்றாம். பாதை பஸ்ராவோடு நிற்கும். தீர்வை கூடும். எல்லாருக்கும் பங்கு உண்டு. இனிச் சண்டைக்கு இடமேயில்லை. மார்கழிக்கு வருவேன்."

மூன்று கிழமையில் உலகமே பற்றி எரிந்தது. எழுதும்போது அந்த மனிசனுக்கு எவ்வளவு சந்தோசம்.

ஐப்பசிக் கடிதம் நான்கே வரி. ஆற்றுமுகத்துக்கு வெளியே போர்க்கப்பல். கடைகள் பூட்டு. அடுத்த கடிதம் பிந்தும்.

23 யூன்

பிந்தவில்லை. 1915 தையில் அடுத்த கடிதம். அதில் போரே இல்லை.

இரண்டு தரம் வாசித்தேன். "பெர்லினிலிருந்து முதற்கோச்சி இன்று பஸ்ராவுக்கு வந்தது. துரையும் எஞ்சினியரும் மாலை போட்டு நின்றார்கள். தீர்வைக் கந்தோரில் ஒரு சச்சரவும் இல்லை." அதற்குள் ஆங்கிலப் படை அந்த ஊரைப் பிடித்து இரண்டு மாதம். படை இல்லை, பீரங்கி இல்லை. கொடி கட்டிய கோச்சி மட்டும் வருகிறது.

இன்னும் எட்டுக் கடிதம் இருக்கிறது. எல்லாம் இப்படியேதான்.

26 யூன்

அந்தத் தைக் கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பேராசிரியை மறுமொழி போட்டிருக்கிறார். அப்படி ஒரு ரயில் ஓடவேயில்லை. பக்தாத் பாதை முழுமையானது 1940இல். கடிதத்தின் திகதியை மீண்டும் பார்க்கச் சொல்கிறார்.

திகதி சரி. ஆனால் முன்பு 'புகைரதம்' என்று எழுதிய மனிதர் இப்போது எங்கள் ஊர்ச் சனம் ரயிலைச் சொல்வதுபோல 'கோச்சி' என்கிறார். பக்கத்தின் தலையில் எழுத்து அவருடையதுதான். கீழே வர வர, கை களைத்ததுபோல, வேறு ஆளின் எழுத்தாக மாறுகிறது. தாளும் வேறு. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த கோடு போட்ட தாள்.

1 யூலை

1917ஆம் ஆண்டுக் கடிதம். கோச்சி பஸ்ராவை நெருங்கும்போது ஆழமில்லாத கடலைக் கடக்கிறதாம். இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்களாம். பிறகு இரண்டு பக்கமும் பனை.

பஸ்ராவில் பனையா? பேரீச்சை என்றால் பேரீச்சை என்று எழுத அவருக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்.

இது நாவற்குழி ரயில் பாலம். இது அரியாலைக் கடல். என் வீட்டுக்குப் பின்னால் நாளும் பொழுதும் போகிற கோச்சி. ஒவ்வொரு கடிதத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக இஞ்சாலை வந்துகொண்டிருக்கிறது.

2 யூலை

கடைசிக் கடிதம், 1919. முழுக் கடிதமே இவ்வளவுதான்:

"நேசம், கோச்சியால் இறங்கிவிட்டேன். ஒழுங்கையில் ஒருவரும் என்னோடு நின்று கதைக்கவில்லை. நாய் குரைக்கவில்லை. படலையடியில் நிற்கிறேன். நீ உள்ளே இருந்து எழுதிக்கொண்டிருப்பது தெரிகிறது. ஏன் நிமிர்ந்து பார்க்கிறாய் இல்லை?"

பகல் பதினொரு மணி. நல்ல வெயில். என் கதிரையில் இருந்து பார்த்தால் என் வீட்டுப் படலை, கேற், தெரியும். நான் நிமிரவில்லை. கேற்றின் கொழுக்கி ஒருதரம் சத்தம் போட்டது. காற்று. காற்றாகத்தான் இருக்கவேணும். பேனையை மூடிவைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடியே குசினிக்குப் போனேன்.

4 யூலை

ஜோர்ஜ் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். கடைசி ஒன்பதும் உங்கள் பெரியம்மா தனக்குத் தானே எழுதியவை. பெரியப்பா பஸ்ராவில் அந்தச் சண்டைக்குள்ளேயே முடிந்திருக்கவேணும்.

மாஸ்டர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு, "தபால்காரன் வராத நாளிலையும் அண்ணி கடிதம் வாசிப்பா எண்டு எங்கடை ஐயா சொல்லுவார். நாங்கள் பகிடி எண்டு நினைச்சம்" என்றார். நான் வெளிக்கிடும்போது கேட்டார்: "ஏன் பிள்ளை உமக்கு முகம் இப்படி வெளிறிக் கிடக்கு?"

5 யூலை

எழுதத்தான் வேணும். இந்தக் கொப்பியிலாவது.

நேசமலர் தனக்குத்தான் எழுதினாள். நான் பிள்ளைக்கு எழுதினேன். தர்சினிக்கு நாலு வயதில் தகப்பன் போய்விட்டார். 'அப்பா எங்கை' என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடாமல் கிடந்தாள். கப்பலில் வேலை, கடிதம் போட்டிருக்கிறார் என்று ஒன்று எழுதி வாசித்துக் காட்டினேன். சாப்பிட்டாள். பிறகு எப்படி நிறுத்துவது? கனடாவுக்குப் போன பிறகும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 'அப்பா எனக்கு அனுப்பினவர், உனக்கு அனுப்புறன்' என்று போட்டேன். பதினாலு வயதில் அவள் எழுதினாள்: இனி அவரின்ரை கடிதம் எனக்கு வேண்டாம். அன்றோடு நின்றது. ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நான் எழுதிய கடிதங்களில் அவர் படிக்கச் சொல்வார், மழை பற்றி எழுதுவார், துறைமுகங்களின் பெயர் சொல்வார். ஒரு துறைமுகத்திலும் சண்டை இருக்காது.

19 யூலை

வந்துவிட்டாள். என்னைவிட உயரம். எமிலின் நெற்றி. "இளைச்சுப்போனியள் அம்மா" என்றாள்.

20 யூலை

சொல்லவில்லை.

22 யூலை

சொன்னேன். மத்தியானம் சாப்பிட்ட கையோடு. நேசமலரின் கடைசித் தாளை அவள் முன்னால் வைத்துவிட்டு, இதைத்தான் நானும் செய்தனான் என்றேன்.

"அப்ப அவர் ஒண்டுமே எழுதேல்லையா?"

"இல்லை."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "உங்களுக்கு விளங்குதா அம்மா? கடிதம் போட ஏலும், வர மட்டும் ஏலாதெண்டா, என்னை வேண்டாமெண்டு விட்டிட்டார் எண்டுதானே நான் நினைச்சனான்? ஒன்பது வருசம் அந்த மனிசனை வெறுத்தனான். ஒரு செத்த மனிசனை என்னை வெறுக்க வைச்சுப்போட்டியள்."

செத்த. பத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல். நானும் சொன்னதில்லை. சொன்னதும் வீட்டுக்குள் ஏதோ நின்றுபோனது. எப்போதும் இருந்த ஒரு சத்தம் நின்ற பிறகுதான் தெரியுமே, அப்படி.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. "போங்கோ எண்டு நான்தான், பிள்ளை, அப்பாவை அனுப்பினனான்" என்றேன். அது அவளுக்கு அதுவரை தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

24 யூலை

இரண்டு நாளாக வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டோம். இன்று காலமை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எதிரில் இருந்தாள்.

"உண்மையிலை அவர் என்ன மாதிரி?"

குறட்டை விடுவார், முன்கோபி, கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிற சோம்பேறி, மழை பிடிக்காது என்றேன். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நித்திரையாகிப்போய் நேர்ஸிடம் பேச்சு வாங்கினவர் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எழும்பியும் போகவில்லை. பத்து மணி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

25 யூலை

மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டேன். முப்பத்தேழு நதானியேலுடையவை, ஒன்பது நேசமலருடையவை என்று தெளிவாக எழுதி. பிறகு ஞாயிறு நினைவு ஜெபத்துக்கு எமிலின் பெயரைக் கொடுக்க இருவருமாகப் போதகரிடம் போனோம்.

27 யூலை, ஞாயிறு

ஆராதனையில் முதல்தரமாக 'காலஞ்சென்ற எமில்ராஜ்' என்று வாசித்தார்கள். தர்சினி என் கையைப் பிடிக்கவில்லை. பாட்டுக்கு எழும்பியபோது புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தாள்.